யெவ்கேனி ஒனேகின்: எந்த வோக்கல் ஸ்கோரை எடுப்பது?

மேற்கத்தியச் செவ்விசை பயிலும் பாடகர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் 'யெவ்கேனி ஒனேகின்' ஓபராவிலிருந்து பாட வேண்டியிருக்கிறது, எந்த வோக்கல் ஸ்கோரை எடுப்பது? இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதைக் காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும் என்ற கேள்வியும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டே வரும். பாடகர்களுக்குப் பியானோவில் பக்கவாத்தியம் வாசிப்பவன் என்ற முறையில் நான்கு விதமான பதிப்புகளையும் கையாண்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சூழலில் சரியான தேர்வாகவும் வேறொரு சூழலில் வீண் செலவாகவும் முடிவதைப் பார்த்திருக்கிறேன்.

வோக்கல் ஸ்கோர் என்பது எல்லாக் குரல்களுக்கும் உரிய வரிகளை முழுமையாகத் தந்து, ஆர்க்கெஸ்ட்ராவை மட்டும் பியானோவின் இரண்டு கைகளுக்குள் சுருக்கித் தரும் நூல். ரஷ்ய இசைக்காரர்கள் இதைக் 'கிளவீர்' என்பார்கள். பல ஓபராக்களில் இந்தச் சுருக்கத்தை வேறு யாரோ செய்திருப்பார்கள் என்பதால், எந்தப் பதிப்பின் பியானோ பகுதி நன்றாக இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது முதல் வேலையாக இருக்கும். ஒனேகினில் அந்தச் சிரமம் அநேகமாக இல்லை. சைக்கோவ்ஸ்கி தாமே பியானோச் சுருக்கத்தைச் செய்தார். மாஸ்கோ பதிப்பாளர் யூர்கென்சன் அதை 1878இல், அதாவது மாஸ்கோ கன்சர்வேட்டரி மாணவர்கள் நிக்கொலாய் ரூபின்ஷ்டைன் தலைமையில் 1879 மார்ச் 29 அன்று மாலி அரங்கில் ஓபராவை முதன்முதலாக மேடையேற்றுவதற்கு முன்பே, வெளியிட்டுவிட்டார். பின்னால் வந்த பதிப்புகள் பெரும்பாலும் அந்தச் சுருக்கத்தின் வழியிலேயே செல்கின்றன. ஆகவே பதிப்புக்குப் பதிப்பு வேறுபடுவது சுரங்களைவிடச் சொற்களில்தான். தேர்வையும் சொற்களை வைத்தே செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

எவற்றைக் கொண்டு எடைபோடுவது

முதல் அளவுகோல் பாடல் வரி. ஓபராவுக்கு மூலமான புஷ்கினின் செய்யுள் நாவலில் ஒவ்வொரு பத்தியும் 14 அடிகள்; நம் அளவடியைப் போல அடிக்கு நான்கு சீர்கள். சைக்கோவ்ஸ்கியும் அவருக்கு உதவிய கன்ஸ்தந்தீன் ஷிலோவ்ஸ்கியும் லிப்ரெட்டோவை, அதாவது ஓபராவின் பாடல் நூலை, அமைத்தபோது, நாயகி தத்யானா ஒனேகினுக்குக் கடிதம் எழுதும் காட்சி, ஒனேகினின் நண்பன் லென்ஸ்கி சாவுக்கு முன் பாடும் ஏரியா (தனிப்பாட்டு) போன்ற முக்கியமான இடங்களில் புஷ்கினின் அடிகளைப் பெருமளவு அப்படியே எடுத்துக்கொண்டார்கள். மெட்டு அந்தச் சீர்களின் மேல் கட்டப்பட்டது. நீங்கள் எந்த மொழியில் பாடப் போகிறீர்கள், அந்த மொழி எந்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது என்ற இரண்டுக்கும் விடை தெரியாமல் பதிப்பைத் தேடுவது, ஊர் தெரியாமல் பயணச்சீட்டு எடுப்பதற்குச் சமம்.

இரண்டாவது, எந்த வடிவம் என்பது. ஓபராவின் முடிவை சைக்கோவ்ஸ்கி பிற்பாடு மாற்றினார். முதல் வடிவத்தில் தத்யானா ஒனேகினின் அணைப்பில் இருக்கும்போது அவள் கணவர் கிரெமின் நுழைகிறார். ஒனேகின் மரணத்தைத் தேடிப் போவதாகச் சொல்லி வெளியேறுகிறான். இன்று எங்கும் பாடப்படும் வடிவத்தில் கிரெமின் வருவதில்லை, தத்யானா தானே விடைபெற்றுச் செல்ல, ஒனேகின் "பஸோர்! தஸ்கா!" என்று, அதாவது "அவமானம்! வேதனை!" என்று கதறித் தன் விதியை நொந்துகொள்கிறான். இதைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும்: கடைசிப் பக்கத்தைத் திறந்து ஒனேகினின் இறுதிச் சொற்களைப் பாருங்கள். அடுத்ததாக, மூன்றாம் அங்கத்தின் விருந்துக் காட்சியில் பொலொனேஸ் நடனத்துக்குப் பின் எக்கொஸேஸ் என்ற துள்ளல் நடனம் இருக்கிறதா என்று பாருங்கள். அது 1885இல் பீட்டர்ஸ்பர்க் மேடைக்காகச் சேர்க்கப்பட்டது என்பதால், அதற்கு முந்தைய அச்சுகளில் இராது.

மூன்றாவது, தாளும் கட்டும். 250 முதல் 300 பக்கம் வரை ஓடும் இந்த நூல் பியானோ ஸ்டாண்டில் விரித்தால் விரிந்தபடியே நிற்க வேண்டும். இது அற்பமான விஷயம் என்று நினைப்பவர்கள் ஒரு கையால் பக்கத்தை அழுத்திக்கொண்டு மறு கையால் மஸூர்கா நடன இசையை வாசித்துப் பார்த்ததில்லை. நான்காவது, உடன் பாடுபவர்களின் கையில் என்ன பதிப்பு இருக்கிறது என்பது. விலை என்ற அளவுகோலை நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம், அட்டையில் போட்டிருக்கும் விலைக்கும் முடிவில் ஆகும் செலவுக்கும் இடையே எப்போதும் பெரிய இடைவெளி இருப்பதுதான்.

| பதிப்பு | பாடல் மொழியும் எழுத்தும் | கண்ணில் படாத செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|
| பழைய யூர்கென்சன் அச்சின் ஸ்கேன் | ரஷ்யம், 1918க்கு முந்தைய எழுத்துமுறை | அச்சடிப்பு, கட்டு, சரிபார்க்கும் நேரம் | முன்னோட்டம், பக்கவாத்தியம், ஆய்வு |
| சோவியத் மற்றும் அதற்குப் பிந்தைய ரஷ்யப் பதிப்பு | ரஷ்யம், இன்றைய எழுத்துமுறை | அஞ்சல், காத்திருப்பு, எழுத்துக் கற்றல் | ரஷ்யத்தில் முழு வேடம் |
| மொழிபெயர்ப்புடன் கூடிய மேற்கத்தியப் பதிப்பு | ஆங்கிலம் அல்லது ஜெர்மன். ரஷ்யம் சிலவற்றில் மட்டும் | மொழிபெயர்ப்பு உரிமை, மாறிய தாளம் | அந்த மொழியில் மேடையேற்றம் |
| ஏரியாத் தொகுப்பு | ரஷ்யமும் லத்தீன் எழுத்துப்பெயர்ப்பும் | வெட்டப்பட்ட முன்பகுதி, தவறான உச்சரிப்பு | தேர்வு, ஆடிஷன் |

பழைய அச்சின் இலவச ஸ்கேன்

சைக்கோவ்ஸ்கி 1893இல் மறைந்தார். இசைக்கும் மூல ரஷ்யப் பாடலுக்கும் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. பெட்ருச்சி இசை நூலகம் எனப்படும் ஐ.எம்.எஸ்.எல்.பி. தளத்தில் பழைய அச்சுகளைத் தயக்கமின்றி இறக்கிக்கொள்ளலாம். வேடத்தை ஏற்பதா வேண்டாமா என்றே முடிவு செய்யாத நிலையில், அல்லது பாடகருக்காக ஒரே ஒரு காட்சியை வாசிக்க வேண்டிய நிலையில், வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

ஆனால் இலவசம் என்பது கோப்புக்கு மட்டும்தான். கடையில் கொடுத்து 280 பக்கம் அச்சடித்து ஸ்பைரல் கட்டினால் செலவு உடனே தொடங்கிவிடும். பழைய நூலின் தாள் அளவு வேறு, ஏ4 வேறு. 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தேர்வை அழுத்தினால் சுரத்தலைகள் எறும்பளவுக்குச் சுருங்கும், அழுத்தாவிட்டால் கீழ் ஓரத்து இடதுகை வரி வெட்டுப்படும். நான் ஒருமுறை கடிதக் காட்சியை இப்படி அச்சடித்துக் கட்டினேன். ஸ்பைரல் துளைகள் இடது ஓரத்தில், வரியின் தொடக்கக் குறியான கிளெஃப்பும் சுரத்தைத் தாழ்த்தும் ஃபிளாட் குறிகளும் இருக்கும் இடத்தின் மேலேயே வரிசையாக விழுந்திருந்தன. அந்தக் காட்சி ஐந்து ஃபிளாட் கொண்ட டி ஃபிளாட் மேஜரில் தொடங்கி, தத்யானா எழுதத் தொடங்கும் இடத்தில் டி மைனருக்குப் போய், பின்பு மீண்டும் ஐந்து ஃபிளாட்டுக்குத் திரும்புவது. திரும்பிய இடத்தில் எனக்குத் தெரிந்தது மூன்று ஃபிளாட்டும் இரண்டு துளைகளும். பாடகி என்னைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அச்சடிப்பதானால் இடது ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டர் வெற்றிடம் விடச் சொல்லுங்கள். டேப்லட்டில் வைத்து வாசிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இதைவிடப் பெரிய தடை எழுத்துமுறை. ரஷ்ய எழுத்துச் சீர்திருத்தம் 1918இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய அச்சில் இன்றைய எழுத்து வரிசையில் இல்லாத 'யாத்' முதலிய எழுத்துகளும், சொல்லின் ஈற்றில் ஒலிக்காமல் நிற்கும் கடினக்குறியும் நிறைந்திருக்கும். 1978க்கு முந்தைய தமிழ் நூலில் தும்பிக்கை போட்ட லகர ஐகாரத்தையும் னகர ஐகாரத்தையும் பார்க்கும்போது நமக்குத் தடங்கல் ஏற்படுவதில்லை, ஏனெனில் மொழி நமக்குத் தெரியும். ரஷ்ய மொழியை எழுத்துக்கூட்டிக் கற்றுக்கொண்டிருக்கும் பாடகருக்கு அதே நிலைமை இல்லை. அவர் ஒலிக்காத கடினக்குறியை ஓர் அசையாகப் பாடிவிடுவார். மேலும், ஸ்கேன்கள் பல காலத்து அச்சுகளிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதால், முன்னே சொன்ன இறுதிப் பக்கச் சோதனையும் எக்கொஸேஸ் சோதனையும் இங்கேதான் கட்டாயம்.

சோவியத் பதிப்பும் அதன் வழிவந்த ரஷ்ய அச்சுகளும்

1940 முதல் சைக்கோவ்ஸ்கியின் படைப்புகள் முழுத்தொகுப்பாக மாஸ்கோவில் வெளிவரத் தொடங்கின. ஒனேகினின் முழு ஸ்கோரும் வோக்கல் ஸ்கோரும் அதில் தனித்தனித் தொகுதிகளாக இடம்பெற்றன. அரசுப் பதிப்பகமான முஸ்கீஸும், அதன் வாரிசான முஸிகாவும் வெளியிட்ட தனி நூல்கள் பழைய புத்தகச் சந்தையில் இன்றும் கிடைக்கின்றன. எழுத்துமுறை இன்றையது, வடிவம் இன்று மேடையில் பாடப்படுவது, சுரங்களின் கீழே ரஷ்ய வரி மட்டும். ரஷ்ய மொழியில் முழு வேடம் ஏற்கப் போகிறவர்களுக்கு என் பரிந்துரை இதுதான், அதில் எனக்குத் தயக்கம் இல்லை.

இதன் செலவு பணத்தைவிடப் பொறுமையில் அதிகம். நூலின் விலையை அஞ்சல் கட்டணம் தாண்டிவிடும். பழைய பிரதியானால் முதுகு விட்டுப்போயிருக்கிறதா, யாரேனும் பேனாவால் வெட்டு அடித்திருக்கிறார்களா என்று விற்பவரிடம் முன்கூட்டியே படம் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். பென்சில் குறிப்பை அழித்துவிடலாம். முந்தைய இசைக்குழு நடத்துநர் ஒருவர் நீக்கிய 40 பார்களை (தாளக் கட்டங்களை) நீலப் பேனாவில் குறுக்காக அடித்திருந்தால், அந்த நீக்கம் உங்கள் கண்ணையும் சேர்த்து நடத்தத் தொடங்கிவிடும்.

எழுத்தைக் கற்க வேண்டுமே என்று அஞ்சுபவர்கள் பலர். ரஷ்ய எழுத்துகள் 33தான். ஒரு வாரத்தில் பிடிபடும். தமிழர்களுக்கு இதில் ஒரு சலுகையும் உண்டு. திரை எழுந்ததும் தத்யானாவும் அவள் தங்கை ஓல்காவும் உள்ளிருந்து பாடும் முதல் டூயட் "ஸ்லுகாலி ல் வு" என்று தொடங்குகிறது. "நீங்கள் கேட்டீர்களா" என்று பொருள். இதில் இரண்டு இடத்தில் வரும் உயிரை ஆங்கிலம் பேசுபவர்கள் மாதக்கணக்கில் பழகுகிறார்கள். நமக்கோ அது 'பத்து', 'காற்று' என்னும்போது ஈற்றில் இதழ் குவியாமல் ஒலிக்கும் குற்றியலுகரத்துக்கு மிக அருகில் இருக்கிறது. நாக்கைச் சற்று முன்னே கொண்டுவந்தால் போதும். ரஷ்யத்தின் வல்லோசை 'ஷ'வும் நாவை மடக்கி ஒலிக்கும் நம் ஷகரத்துக்குப் பக்கத்து வீடு. நமக்குக் கடினமாக இருப்பது மெய்களின் இளக்கம். 'ல்', 'த்', 'ன்' ஆகியவற்றை நாக்கின் நடுப்பகுதி மேலண்ணத்தைத் தொடுமாறு ஒலிப்பதற்கு நல்ல ஆசிரியர் வேண்டும்.

என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்லும் முறை: ரஷ்ய வரிக்கு மேலே பென்சிலால் தமிழில் உச்சரிப்பை எழுதிக்கொள்ளுங்கள், தகரம் 'பத்து' என்பதில் வரும் அதிராத ஒலியா 'பந்து' என்பதில் வரும் அதிர்வொலியா என்பது தமிழெழுத்தில் தெரியாது என்பதால், அதிரும் மெய்களுக்கு மட்டும் அடிக்கோடு இடுங்கள். ஒரு காட்சியை இப்படிக் கையால் எழுதி முடிக்கும்போது பாதி மனப்பாடம் ஆகிவிடுகிறது. பளபளப்பான தாளில் இது முடியாது. சொரசொரப்பான பழைய சோவியத் தாள் இதற்கென்றே செய்தது போல இருக்கும்.

மொழிபெயர்ப்புடன் கூடிய மேற்கத்தியப் பதிப்பு

மூல மொழியில் பாடுவதே சரி என்பது பிற்கால வழக்கம். 1892 ஜனவரியில் ஹாம்புர்க் நகரில் சைக்கோவ்ஸ்கியே அமர்ந்து கேட்க, இசையமைப்பாளரும் இசைக்குழு நடத்துநருமான மாலர் நடத்திய ஒனேகின் ஜெர்மன் மொழியில் பாடப்பட்டது. சைக்கோவ்ஸ்கி அந்த நடத்துநரை மெச்சினார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா 1920இல் இதை இத்தாலியத்திலும், 1957இல் ஹென்றி ரீஸின் மொழிபெயர்ப்பைக் கொண்டு ஆங்கிலத்திலும் பாடியது. கேட்போர் மொழியில் பாடுவது என்று உங்கள் குழு முடிவு செய்திருந்தால், மொழிபெயர்ப்புப் பதிப்பைத் தவிர வேறு வழியில்லை. தெளிவான அச்சு, எளிதில் கிடைப்பது, வாங்கிய மறுநாளே ஒத்திகை தொடங்கலாம் என்பவை உபரி நன்மைகள்.

சிக்கல், இதை ரஷ்ய மொழியில் பாடுவதற்காக வாங்கும்போது தொடங்குகிறது. சில பதிப்புகளில் ரஷ்ய வரி அறவே இல்லை. ஆகவே மாதிரிப் பக்கத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். இரண்டு மொழியும் இருக்கும் பதிப்பிலும் சுரங்கள் மொழிபெயர்ப்புக்காக ஆங்காங்கே திருத்தப்பட்டிருக்கக்கூடும். லென்ஸ்கியின் ஏரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 'குதா' என்றால் 'எங்கே சென்றாய்' என்பதில் வரும் 'எங்கே'. அழுத்தம் இரண்டாம் அசையில். அந்தச் சொல் மூன்று முறை வரும்போது குறில் சுரத்திலிருந்து நெடில் சுரத்துக்குத் தாவும் மூச்சுதான் அந்தப் பாட்டின் உயிர். மொழிபெயர்ப்பாளர் அதே இடத்தில் அழுத்தம் விழும் இரண்டசைச் சொல்லைக் கண்டுபிடித்தாக வேண்டும். அகப்படாத இடங்களில் நெடில் சுரத்தை இரண்டாகப் பிளப்பார், அல்லது இரண்டு சுரங்களை வளைகோட்டால் இணைப்பார். முதலில் ஆங்கிலத்தில் பழகிவிட்டு ரஷ்யத்துக்கு மாறலாம் என்ற யோசனையை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்: பிறகு கழற்ற வேண்டியது சொல்லை மட்டுமன்று, மூச்சு எடுக்கும் இடத்தையும்தான்.

இன்னொரு செலவு மேடையேற்றத்தின் போதுதான் வெளிப்படும். இசை பொதுவுடைமை, 20ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பு அப்படி இல்லாமல் இருக்கலாம். அனுமதியும் கட்டணமும் தேவைப்படுமா என்பதை நுழைவுச்சீட்டு அச்சடிப்பதற்கு முன் பதிப்பகத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். அதே காரணத்தால் இந்த நூலை ஒருவர் வாங்கி, பத்துப் பேருக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பது பழைய ஸ்கேனை அச்சடிப்பதைப் போன்றதன்று.

ஏரியாத் தொகுப்பு

தேர்வுக்கோ ஆடிஷனுக்கோ ஒரே பாட்டு வேண்டும் என்றால் 300 பக்க நூல் எதற்கு என்பது நியாயமான வாதம். குரல் வகைவாரியாக வரும் தொகுப்புகளில் லென்ஸ்கிக்கும் கிரெமினுக்கும் அநேகமாக இடம் இருக்கும்; உச்சரிப்பு லத்தீன் எழுத்தில் கீழே தரப்பட்டிருக்கும். பாடகர்கள் இதில்தான் மயங்குகிறார்கள். பெரும்பாலும் ஏமாறுவதும் இதில்தான்.

எழுத்துப்பெயர்ப்பு வேறு, உச்சரிப்பு வேறு. அழுத்தம் பெறாத 'ஒ' ரஷ்யத்தில் 'அ'வை நோக்கிச் சரியும். ஒனேகின் என்று நாம் எழுதும் பெயரே அவர்கள் வாயில் 'அன்யேகின்' போலத்தான் ஒலிக்கிறது. 'பொஸோர்', 'தொஸ்கா' என்று எழுத்துப்படி பாடினால் அந்த இறுதிக் கதறல் கதறலாக இராது. லென்ஸ்கி "வரும் நாள் எனக்கு என்ன வைத்திருக்கிறது" என்று கேட்கும் அடியின் முதற்சொல்லை எழுத்துப்படி மாற்றினால் 'ச்தோ' என்று வரும். பாட வேண்டியது 'ஷ்தோ'. லத்தீன் 'ஒய்' எழுத்தை நான் மேலே குற்றியலுகரத்தோடு ஒப்பிட்ட உயிருக்கும், யகர மெய்க்கும் சேர்த்தே பயன்படுத்தும் தொகுப்புகள் பல உண்டு. முறையான ஒலியெழுத்தில் தரும் தொகுப்பானால் இந்தக் குறை இல்லை. அது எந்த வகை என்பதை வாங்குமுன் பாருங்கள்.

தொகுப்புகள் பாட்டுக்கு முந்தைய பகுதியை வெட்டிவிடுவதும் வழக்கம். கடிதக் காட்சி ஏறத்தாழ 12 நிமிடம் ஓடுவது. அதன் துண்டைப் பாடினால் கேட்பவருக்கு அது எந்த நதியின் தண்ணீர் என்று தெரியாது. கிரெமினின் ஏரியாவுக்கு அந்தச் சேதம் இல்லை. அது தானே நிறைந்த பாட்டு. ஜி ஃபிளாட் மேஜரிலேயே இருக்கிறதா, சுருதி உயர்த்தப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். கிரெமினைப் பாடும் பாஸ் குரலுக்குத் தொகுப்பை நான் தடுப்பதில்லை. தத்யானாவைப் பாடும் சோப்ரானோவுக்குத் தடுப்பேன்.

ஒரே அறையில் இரண்டு பதிப்புகள்

நடைமுறையில் எல்லோர் கையிலும் ஒரே பதிப்பு இருப்பது அபூர்வம். நான் வாசித்த ஓர் ஒத்திகையில் நடத்துநரிடம் ரஷ்யப் பதிப்பு, என்னிடம் ஸ்கேன், ஓல்காவாகப் பாடியவரிடம் ஆங்கிலப் பதிப்பு. நடத்துநர் பக்க எண்ணைச் சொன்னபோதெல்லாம் அறையில் தாள் புரளும் ஓசை மட்டுமே கேட்டது. ஓபரா 22 எண்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. கடிதக் காட்சி 9, லென்ஸ்கியின் ஏரியா 17, பொலொனேஸ் 19 என்ற இந்த வரிசை பதிப்புகளுக்கிடையே பொதுவானது. 'எண் 17, மூன்றாவது வரி' என்று பேசப் பழகிய பிறகு சண்டை ஓய்ந்தது. எண் 14இல் பிரெஞ்சுக்காரர் திரிக்கே பாடும் வாழ்த்துப் பாட்டுக்குப் பிரெஞ்சு, ரஷ்யம் என இரண்டு பாடல் வரிகள் உண்டு. எதைப் பாடுவது என்பதை நடத்துநரிடம் முதல் நாளே கேட்டுக்கொண்டால் அந்த வேடத்தைப் பாடும் டெனர் இரண்டையும் மனப்பாடம் செய்ய நேராது.

நூலை வாங்கும் முன் நடத்துநர் எதை வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். அதையே வாங்க முடிந்தால் மேலே சொன்ன அளவுகோல்களில் பாதியை மறந்துவிடலாம். முடியாவிட்டால், முதல் ஒத்திகைக்கு முந்தைய இரவு உங்கள் பிரதியில் 1 முதல் 22 வரை எண்ணிட்ட ஒட்டுத்தாள்களைப் பக்க ஓரத்தில் வரிசையாக ஒட்டி எடுத்துக்கொண்டு போங்கள்.